ஓர் அங்குலம் அதிகம்

அப்போது எங்களை ஆண்ட இங்கிலாந்து ராஜா, நியூ ஹாம்ப்ஷயர் பிணம் ஒன்றோடு மல்லுக்கட்டித் தோற்றார். கூடவே நின்று பார்த்தவன் நான். கல்லறைத் தோட்டத்தில் பனி கொட்டுகிறது. கோபுர உயரத் தொப்பி வைத்த, ராஜாவுக்காக மரம் அளக்கும் அதிகாரி, ஓபதாயாவின் சவப்பெட்டி மூடியை அளக்கிறான். “அகலம் இருபத்தஞ்சு அங்குலம். இருபத்துநாலைத் தாண்டின பைன் மரமெல்லாம் ராஜா கப்பலுக்கு. மூடியைக் கழட்டு!” “ராஜாவாவது, பிணத்துக்கிட்ட புடுங்கறதாவது! சும்மா மிரட்டறான்யா,” என்று என் காதருகே சிரிக்கிறார் ராஜவிசுவாசி ஜோத்தம். ஆணிகள் கிறீச்சிட்டுக் கழல்கின்றன. ஓபதாயாவின் நெற்றியில் விழுந்த பனி உருகவே இல்லை. அவர் மனைவி மெஹித்தபேல் திறந்த பெட்டியின்மேல் குப்புறப் படுக்கிறாள். “இப்ப நான்தான்டா மூடி. என்னையும் அளந்துக்க!” நாங்கள் ஆயிரம் பேரும் மண்வெட்டியைத் தூக்குகிறோம். அதிகாரி பலகையைப் போட்டுவிட்டு ஓடுகிறான். ஜோத்தம் தன் தொப்பியைக் கழற்றுகிறார். “ராஜா புடுங்கத்தான்யா வந்தாரு. என் கண்ணாலயே பாத்துட்டேன்.”