கறிப் பங்குப் பட்டியல்

முப்பத்து நான்காவது கையும் நீண்டது.

சந்தோஷத்தில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பங்காளிகள் பஞ்சை அழுத்திக்கொண்டு குலசாமி கோயில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் கெடா வெட்டியபோது அசராதவர்கள், ஒரு சின்ன ஊசிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இதற்காக ஆறு மாதம் கெஞ்சியிருக்கிறாள். அழுதும் பார்த்தாயிற்று.

அப்பா தைராய்டு புற்றுநோயில் போனார். அத்தையும் அதிலேயே. குலசாமிக் கோபம் என்றார்கள்.

மூன்று வருஷம் முன்பு அவளுக்கும் வந்தது. கோபம் இல்லை, மரபணுவில் ஒரு கோளாறு என்றார் டாக்டர். பெற்றவருக்கு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தத்தில் முன்பே தெரிந்துவிடும். தெரிந்தால் நோய் வருமுன் தைராய்டை எடுத்துவிட்டு, தினம் ஒரு மாத்திரையோடு நிம்மதியாக இருக்கலாம்.

ஒரே பூட்டன் வழி வந்தவர்கள் ஒன்றாகக் கூடுவது வருஷத்தில் இந்த ஒரு நாள்தான். லேப் நர்ஸையும் ஐஸ் பெட்டியையும் காரில் ஏற்றி வந்துவிட்டாள்.

கறிப் பங்குக்குக் கூப்பிடும் பட்டியலை வைத்துச் சித்தப்பாதான் பெயர் வாசித்தார். வெளியே தெரிந்தால் எவன் சம்பந்தம் பேச வருவான் என்று ஆறு மாதமாகக் குதித்தவர், முதல் ஆளாகக் கை நீட்டினார். கடைசியாக ஒரு கைக்குழந்தை. வீறிட்டு அழுதது. அவளுக்கு அதுவும் சந்தோஷமாக இருந்தது.

நர்ஸ் டியூப்களை அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“பொம்பளைங்க எப்பக்கா வருவாங்க?”

அவள் சித்தப்பா கையிலிருந்த பட்டியலை எட்டிப் பார்த்தாள்.

பெண் வேறு குலசாமிக்குப் போகிறவள். இங்கே அவளுக்குப் பங்கு கிடையாது. பட்டியலில் பிறந்த பெண்கள் ஒருத்தியும் இல்லை.

நோயோடு நிற்கிற அவளும் இல்லை.

அந்தப் பட்டியலை எண்ணித்தான் நர்ஸிடம் ஆள்கணக்குச் சொன்னாள். இத்தனை படித்தும் தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுப்பங்கரையிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பங்காளிகளோடு பிறந்த அக்கா, தங்கச்சிகள், அவர்கள் பெற்ற பெண்கள். சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருத்தியும் வரமாட்டாள். யார் கழுத்தில் என்ன இருக்கிறதோ.

சித்தப்பா பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.



பிறகு தாளைத் திருப்பினார். வெற்றுப் பக்கத்தின் உச்சியில் ஒரு பெயர் எழுதினார்.

முத்திருளாயி.

அத்தை. அவருடைய கூடப்பிறந்த அக்கா. போய்ச் சேர்ந்து பதினொரு வருஷம்.

அதன் கீழே மூன்று வரி இடம் விட்டார்.

“அக்கா பிள்ளைக மூணு பேருக்கும் போன் போடு தாயி. பொழுதுக்குள்ள வந்துரணும்.”

அவள் போனை எடுத்தாள். எண் இரண்டு தடவை தப்பிப்போனது.

மூன்றாவது தடவை மணி அடித்தபோது, அடுப்பங்கரைப் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வரத் தொடங்கியிருந்தார்கள்.