விரல் பதியாத கல்

சுடாத பச்சைச் செங்கல்லில், மண்ணை அச்சில் அடித்து அதை அறுத்தவரின் விரல் பதிந்திருக்கும். யார் அறுத்த கல் என்று சூளையில் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சில நாளாக அபிநயா அறுத்த வரிசையில் மட்டும் ஒரு விரலும் இல்லை. கல்லெல்லாம் வழுவழுவென்று கிடந்தது. அஞ்சலை ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகளிடம் போனாள். அபிநயா இரண்டு கைகளிலும் பாலிதீன் கவரை மாட்டி, மணிக்கட்டில் சணலால் கட்டிக்கொண்டு மண்ணை அச்சில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, கைக்குச் சட்டை தெச்சிப் போட்டியா?"

"சும்மா இரும்மா."

"சோறு துன்னும்போதுகூட கழட்ட மாட்டன்ற. கையில இன்னாடி?"

அபிநயா பக்கத்தில் கிடந்த போனைக் காட்டினாள். கல் அறுக்கும் தன் கைகளை மட்டும் எடுத்து அவள் போட்டிருந்த வீடியோ. 'இது பொண்ணு கையா, காக்கா காலா?' என்று ஒருவன் கீழே எழுதியிருந்தான். அதற்கும் கீழே, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சிகள் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. அஞ்சலைக்கு எழுத்து தெரியாது. மூஞ்சிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"எம்மாம் பேரு சிரிக்கிறாங்க! உன் கையப் பாத்தா?"

"ஆமா."

அஞ்சலை சேற்றை முந்தானையில் துடைத்துவிட்டு, பாளம் பாளமாக வெடித்த தன் கைகளைப் போனுக்கு முன்னால் விரித்தாள்.

"என் கையையும் புடிச்சிப் போடுடி. கிட்ட வெச்சிப் புடி, நல்லாத் தெரியட்டும்."