சீப்பின் குளியல்

சித்திரை மாதம், காலை ஏழு மணி. தலைக்குக் குளித்து வந்த மங்கையர்க்கரசி கத்தரிக்கோலைக் கண்ணாடியருகே வைத்தாள்.

“சாயங்காலத்துக்குள் மறுபடியும் பிசுபிசுத்தால் வெட்டிவிடுவேன்.”

கூந்தல் நடுங்கியது.

“தினமும் குளித்தும் எண்ணெய் வழிகிறாயே, வெட்கமாக இல்லை?” என்று சீப்பு கேலி செய்தது.

“நீங்கள் எப்போது குளித்தீர்கள், அண்ணே?” என்றது கூந்தல்.

“அழுக்கை எடுப்பவன் நான். எனக்கெதற்கடி குளியல்?”

“எடுத்ததையெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?”

தலைவாரச் சீப்பைக் கையிலெடுத்த மங்கையர்க்கரசி, சன்னல் வெளிச்சத்தில் ஒருகணம் நின்று பார்த்தாள். பற்களின் இடுக்கெல்லாம் கறுத்த பிசுக்கு.

அந்தக் காலையிலேயே சோப்பு நீரில் அழுத்தித் தேய்க்கப்பட்ட சீப்பு, ஒரு பல்லை விலையாகக் கொடுத்தது. சுத்தமான சீப்பால் வாரிய கூந்தல் மாலையிலும் பிசுபிசுக்கவில்லை; கத்தரிக்கோல், ஒரு முடியும் பெறாமல், இழுப்பறைக்குத் திரும்பியது.