ரசம் ஓடும் பக்கம்

காருக்குப் பின்னால் இழுத்துவந்த ட்ரெய்லர் வீட்டை எந்தத் தேசியப் பூங்காவில் நிறுத்தினாலும், பூங்கோதையின் தட்டில் மட்டும் ரசம் கதவுப்பக்கமாகவே ஓடியது. சோற்றில் எவ்வளவு கெட்டியாகப் பாத்தி கட்டினாலும் கரையை உடைத்துக்கொண்டு போய் விளிம்பில் நின்றது. கணவன் சிவநேசன் சக்கரத்துக்கடியில் பலகை செருகி, மட்டம் பார்க்கும் கருவியைத் தரையில் வைத்துக் காட்டினான். “குமிழி நட்டநடுவுல நிக்குது பாரு. சாய்வே இல்ல.” அவன் தட்டிலும் மகள் தாரகையின் தட்டிலும் ரசம் ஊற்றிய இடத்திலேயே கிடந்தது. “இன்னிக்கே அடுத்த எடத்துக்குக் கெளம்பிடலாங்க” என்பாள் பூங்கோதை. ஓரிடத்திலும் இருப்புக்கொள்ளவில்லை அவளுக்கு. பதினாறாம் நாள் வீடு திரும்பினார்கள். “அப்பாடா, இனி ஒரு வருஷத்துக்கு அசையக் கூடாது” என்று சிவநேசன் காலை நீட்டினான். பூங்கோதை சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ரசத்தை ஊற்றினாள். பாத்திக்குள் அது கொஞ்சம் தயங்கியது. பிறகு உடைத்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடியது. தட்டைத் திருப்பி வைத்தாள். ரசம் மறுபடி வாசலைத் தேடிக்கொண்டது. “சாப்பிடலையாம்மா?” என்றாள் தாரகை. பாத்தி கட்டிய கை காய்வதற்குள் வண்டிச் சாவி பூங்கோதையின் இடது கையில் இருந்தது.