எங்க தெருக் கடை

சம்பந்தம் பேசி முடியும் நேரத்தில் பேச்சு சாப்பாட்டுக்குத் தாவியது.

"இந்த ஊர்லயே நல்ல சாப்பாடுன்னா எங்க மார்க்கெட் தெருக் கடைதான்," என்றார் பெண்ணின் அப்பா.

பையனின் அப்பா மீசையை நீவினார். "அதெல்லாம் ஒரு கடையா? எங்க கோர்ட்டுத் தெருக் கடையில ஒருநாள் கை நனைச்சுப் பாருங்க!"

"அதை வாயில வைக்க முடியுமா?"

"நாக்குச் செத்த குடும்பத்துல சம்பந்தமே வேண்டாம்!" பையனின் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்பா, கல்யாணம் எனக்கு!" என்று மகன் கெஞ்சியது காதில் ஏறவில்லை.

மானம் பிழைத்தது, வயிறுதான் கேட்கவில்லை. நேரே தன் தெருக் கடைக்குப் போய் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில், வாய் நிறையச் சோற்றோடு, பெண்ணின் அப்பா!

"கடைசியில எங்க கடைக்கே வந்தீங்களா?" இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

தண்ணீர் வைக்க வந்த சர்வர் சிரித்தார். "முன்வாசல் கோர்ட்டுத் தெரு, பின்வாசல் மார்க்கெட் தெரு. அடுப்பு ஒண்ணுதாங்க."

பையனின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"இருந்தாலும், எங்க வாசல் பக்கம் ருசி கொஞ்சம் தூக்கல்தான்... சம்பந்தி."