பழைய பிரேக்கரின் முனகல்

ஒரு சோதனைக் கூடத்தில் சுமை மிஞ்சினால் கரண்டை அறுக்கும் பிரேக்கர்கள் இரண்டை, பழையது ஒன்று புதியது ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, ஒரே ஹீட்டர் வரிசையின் சுமையை இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். சோதனையில் தேறாதது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

மெயினைப் போட்டதுமே பழைய பிரேக்கர் முனக ஆரம்பித்தது. “எல்லாம் என் தலையிலதான். நீ சும்மா நிக்கிறே, தம்பி.”

“நீங்க சொன்னா சரிதாண்ணே,” என்றது புதியது. உடம்பெல்லாம் சுட்டுக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

அந்தப் பணிவு பழையதை உசுப்பிவிட்டது. நாம் ஒரு தடவை விழுந்தால்தான் நம் அருமை தெரியும் என்று நினைத்து, டக்கென்று ட்ரிப் ஆகித் தன் இணைப்பை அறுத்துக்கொண்டு, தம்பி அலறப்போவதைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

ஹீட்டர்கள் அதே சிவப்பில் எரிந்துகொண்டிருந்தன.

“தம்பி, ரொம்பக் கனக்குதா?”

“புதுசா ஒண்ணும் கனக்கலையேண்ணே. ஏன் கேக்குறீங்க?”

பழையது மேலே இருந்த மீட்டரைப் பார்த்தது. மீட்டருக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. “உங்களுக்கு உள்ளே கரி பிடிச்சுக் கிடக்கு, பெரியவரே. கரண்டு லேசான வழியாத்தான் போகும். உங்க பக்கம் வந்தது கொஞ்சூண்டு.”

“அப்ப இத்தனை நேரம் நான் முனகினது?”

“அது நல்லாக் கேட்டுச்சு.”

சோதிக்கிறவர் வந்தார். பழையதன் நெற்றியில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்.

பழையது மெல்லத் தம்பி பக்கம் திரும்பியது.

“பாத்தியா, குறிகூட எனக்கு மட்டும்தான். எல்லாம் என் தலையிலதான்,” என்றது. இந்தத் தடவை அதற்கே சிரிப்பு வந்துவிட்டது.