கடல் பார்க்க ஆசைப்பட்ட காற்று

மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்த கேரவன் வண்டி, கடற்கரைக்குக் கிளம்பும் நாளில் ஸ்டார்ட் ஆகவில்லை.

"டீசலே வரலை. என்னைத்தான் கழட்டிப் போடப்போறாங்க," என்று பதறியது டீசல் பம்ப்.

குழாய்க்குள்ளிருந்து ஒரு காற்றுக்குமிழி தயங்கித் தயங்கிச் சொன்னது: "கோவிச்சுக்காதண்ணே, வழியை அடைச்சிருக்கறது நான்தான். கடலைப் பார்க்கணும்னு ஏறிட்டேன். ஒரு ஓரமா வந்துடறேனே?"

"நீ உள்ளே இருக்கறவரைக்கும் வண்டியே நகராதுடா!"

"இறங்கிட்டா என்னை யாருண்ணே கூட்டிட்டுப் போவா?"

பம்ப் பதில் சொல்வதற்குள், மெக்கானிக் ஜெபராஜ் குழாயின் நட்டைத் தளர்த்திக் டீசலை ஏற்றும் கைப்பம்பை அமுக்கினார். குமிழி நுரைத்துக்கொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே டீசல் வந்தது. நட்டை இறுக்கிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது.

"ஏர்தான் புடிச்சிருக்கு. பம்ப் நல்லாத்தான் இருக்கு," என்றார் ஜெபராஜ்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை புழுதியோடு புழுதியாகப் பின்னால் ஓடிய காற்று கத்தியது:

"அண்ணே, கடல்கிட்ட நான் கேட்டதா சொல்லுண்ணே!"